சாமியை விளக்குமாற்றால் அடித்த அத்தியாயம்

என் மகனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவனை விளக்குமாற்றால் அடித்தேன். ஓர் அடியோடு நிறுத்தவில்லை. முதுகில் தடிப்புத் தடிப்பாக எழும்பும்வரை அடித்தேன். அன்றைக்கு ஆடுகள் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டுக்குள் புகுந்து இளஞ்செடிகளையெல்லாம் கடித்துப் போட்டிருந்தன. ஆட்டைப் பார்ப்பதும் காட்டு வாசலில் உள்ள மூங்கில் படலைச் சாத்துவதும் அவன் வேலை. படல் திறந்து கிடந்தது. அவன் அழவில்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுதான் என் கோபத்தை இன்னும் ஏற்றியது.

அடுத்த வருடம் எங்கள் மலையை விட்டு இறங்கி, காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கப் போனான். அதற்குப் பிறகு அவன் வீட்டுக்கு வந்ததெல்லாம் விருந்தாளி வருகிற மாதிரிதான். இப்போது நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருக்கிறான். வந்தால் சிரிப்பான், சாப்பிடுவான், போவான். அவன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போகும்போதெல்லாம் என் கண் அந்த முதுகுக்குத்தான் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. ஆனாலும் போகும்.

'அன்றைக்கு அடித்தது தப்பு சாமி' என்று நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைச் சொல்லத்தான் நாவல் எழுத ஆரம்பித்தேன். ஒரு வரி சொல்ல ஒன்பது நோட்டா என்று கேட்பீர்கள். நான் படித்தது எட்டாவது. எனக்குச் சுருக்கமாக எழுதத் தெரியாது.

எழுதப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்னை மட்டும் அதுல இழுத்து உட்டுறாத புள்ள."

"உங்களை எதுக்குங்க இழுக்கறேன்?"

"சும்மா சொன்னேன். நாலு பேரு படிக்கறது."

சரி என்று, கதையில் வரும் அம்மாவின் புருஷனைக் கேரளத்துக்கு மரம் வெட்ட அனுப்பிவிட்டேன். வீட்டில் அவளும் பிள்ளையும் மட்டும். எங்கள் மலையில் வளப்பூர் நாட்டுப் பக்கம் பிள்ளைகளைச் சாமி என்போம், கண்ணு என்போம். பெயரெல்லாம் பள்ளிக்கூடத்துக்குத்தான். அதனால் கதைப் பிள்ளைக்கும் நான் பெயர் வைக்கவில்லை. வைத்தால் அது வேறு யாரோ பெற்ற பிள்ளையாகிவிடும் என்று தோன்றியது. 'சாமி எழுந்தது. சாமி கஞ்சி வேண்டாம் என்றது. சாமி ஆட்டை ஓட்டிக்கொண்டு போனது.' குழந்தையை அது, இது என்று சொல்வதும் எங்கள் வழக்கம்தான்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நான் கடிதம் எழுதினாலும் மளிகைச் சீட்டு எழுதினாலும் முதலில் பிள்ளையார் சுழி போட்டு, அதன் கீழே 'சாமி துணை' என்று எழுதாமல் பேனா நகராது. நாவலின் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தலையில் அப்படித்தான் எழுதினேன்.

நாவலைத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு வார இதழில் மிளகு பறிப்பைப் பற்றி நான் எழுதிய சின்னக் கதை ஒன்று வந்திருந்தது. அதைப் படித்த சென்னைப் பதிப்பாசிரியர் ஒருவர், 'பெரிதாக ஏதாவது எழுதுகிறீர்களா அம்மா?' என்று கேட்டு எழுதினார். அப்படித் தொடங்கியது கடிதப் போக்குவரத்து. ஒரு நோட்டு முடிந்ததும் செம்மேட்டுக்கு பஸ் ஏறிப் போய், ஜெராக்ஸ் எடுத்து, தபாலில் போட்டுவிட்டு வருவேன். பதினைந்து இருபது நாளில் அவர் பதில் வரும். நல்ல கையெழுத்து. மரியாதையான மனிதர்.

முதல் கடிதத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'உங்கள் சாமியை என்னால் மறக்க முடியவில்லை. சாமியிடம் ஒரு பெண் இவ்வளவு உரிமையோடு பேசி நான் படித்ததில்லை. கஞ்சி குடிக்கச் சொல்லி மிரட்டுகிறாள். சளி பிடித்தால் மூக்கைப் பிடித்து மிளகுக் கசாயம் ஊற்றுகிறாள். எங்கிருந்து வருகிறது இந்தக் கற்பனை?'

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கசாயம் ஊற்றுவதில் என்ன கற்பனை இருக்கிறது? வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

"அங்கெல்லாம் புள்ளைங்களுக்கு மூக்கு ஒழுகுனாலே டாக்டர் ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க புள்ள. கசாயம்னா அவிங்களுக்கு அதிசயந்தான்" என்றார்.

அது சரியாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

இரண்டாவது கடிதத்தில் ஒரு திருத்தம் சொல்லியிருந்தார். 'சாமி கொஞ்சம் குறைவாகப் பேசலாம். அதிகம் பேசினால் அதன் கம்பீரம் போய்விடுகிறது.' ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன கம்பீரம்? ஆனாலும் படித்தவர் சொல்கிறார் என்று, பிள்ளை பேசுகிற இடங்களையெல்லாம் அடித்தேன். பக்கத்துக்கு ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை மட்டும் விட்டேன்.

ஒவ்வொரு அத்தியாயத்தையும் அனுப்புவதற்கு முன்னால் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டுவேன். காதைக் கொடுத்துக் கேட்பார், கிண்டலும் செய்வார். விளக்குமாற்று அத்தியாயத்தை வாசித்தபோது மட்டும் பாதியில் எழுந்துவிட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்றார். அப்போதுதான் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். மகனை அடித்ததைக் கேட்க மனசு தாங்கவில்லை போலிருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டு மீதியைத் தனியாக வாசித்து முடித்தேன்.

அந்த அத்தியாயத்துக்குப் பதிப்பாசிரியர் எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'இப்படி எழுத உங்களுக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது? ஒன்று மட்டும் சொல்கிறேன். முடிவில் சாமி அந்த வீட்டில் இருக்கக் கூடாது. அடித்த வீட்டில் அது தங்காது. அது கிளம்பிப் போக வேண்டும்.'

நடந்ததை யார் சொன்னார்கள் இவருக்கு? என் மகன் கிளம்பிப் போனது இவருக்கு எப்படித் தெரியும்? அழுதேன். முகம் தெரியாத ஒருவர் என் தப்பைத் தெரிந்துகொண்டு, வையாமல், உண்மையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். கடிதத்தைப் பூசை அலமாரியில் வைத்தேன். கடைசி அத்தியாயத்தில் சாமி தகரப்பெட்டியோடு பஸ் ஏறிக் கீழே போவதை எழுதி அனுப்பினேன்.

'மெய்ப்பு அனுப்புகிறேன்' என்று அடுத்த பதில் வந்தது. எனக்கு அந்த வார்த்தை தெரியாது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "மேய்ப்பா? ஆடு மேய்க்கவா கூப்பிடறாங்க? அதுக்கு நீ இத்தனை நோட்டு எழுதியிருக்க வேண்டாமே" என்றார். அச்சுக்குப் போகும் முன்னால் பிழை பார்க்க அனுப்பும் பக்கங்களுக்கு அப்படிப் பெயர் என்பது உறை வந்த பிறகுதான் தெரிந்தது.

உறை வந்தது மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. விளக்குப் போட்டுவிட்டு, வாசலில் காய்ந்துகொண்டிருந்த மிளகைக் காலால் தள்ளி இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்து பிரித்தேன். என் எழுத்து அச்சில் இருந்தது. பிள்ளையார் சுழியைக்கூட விடாமல் அச்சடித்திருந்தார்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் மேலே 'சாமி துணை'. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கடைசித் தாளில் பின்னட்டைக்கு என்று நான்கு வரி தனியாக இருந்தது.

'தன் குடிசைக்குள் வந்துவிட்ட கடவுளை வளர்த்து, வைது, கடைசியில் விளக்குமாற்றால் அடித்துத் துரத்தும் ஒரு மலைப்பெண்ணின் கதை. நம்பிக்கையின் கன்னத்தில் அறையும் நாவல்.'

இரண்டு தரம் படித்தேன். வேறு யாருடைய புத்தகத்துத் தாளோ தவறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மேலே என் பெயர் இருந்தது. விளக்குமாறு இருந்தது. மலை இருந்தது. மூன்றாவது தரம் படிக்கும்போது 'கடவுளை' என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. தாள்கள் மடியிலிருந்து சரிந்து மிளகின் மேல் விழுந்தன. எடுக்கவும் தோன்றவில்லை.

"ஏனுங்க, இங்க கொஞ்சம் வாங்க."

வீட்டுக்காரர் வந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சாமியவா புள்ள அடிச்ச?"

"எம் பையனைங்க."

"இதுல சாமியன்னல்ல போட்டிருக்குது."

மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து எடுத்தேன். 'சாமி எழுந்தது. சாமி கஞ்சி வேண்டாம் என்றது.' ஓர் எழுத்தும் அவர்கள் மாற்றவில்லை. நான் எழுதியதுதான், அப்படியே இருந்தது. ஆனால் இப்போது ஒவ்வொரு வரியும் வேறு எதையோ சொன்னது. கோயில் சாமி வந்தது, போனது, அருள் கொடுத்தது என்றுதானே நாமும் சொல்கிறோம்? சாமிக்குச் சளி பிடித்தது. சாமி டவுசரில் ஒண்ணுக்குப் போனது. 'சனியனே, ஏன் பிறந்தாய்' என்று அவள் சாமியைக் கேட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருக்கிறவள் நான். இதைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கோயில் வாசலில் போய் நிற்பேன்?

சிக்னல் கிடைப்பது பஸ் நிற்கும் மேட்டில்தான். கட்டிய சேலையோடு மேடேறிப் போய்ப் பதிப்பாசிரியருக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்கம்மா. மெய்ப்பு வந்துச்சா?"

"வந்துச்சுங்க. ஏனுங்க, சாமின்னா யாருன்னு நெனச்சீங்க?"

"இது என்னம்மா கேள்வி? சாமின்னா சாமிதான்."

"அது புள்ளைங்க. எங்கூர்ல புள்ளைய அப்படித்தாங்க கூப்பிடுவோம்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

"புள்ளையா?"

"ஆமாங்க. ஒம்போது வயசு."

"அப்ப அந்தக் கசாயம்?"

"சளிக்குங்க."

"பள்ளிக்கூடம் போறது? சாமியே எழுத்துக் கத்துக்கப் போகுது, என்ன ஒரு கற்பனைன்னு நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமாம்மா?"

"பள்ளிக்கூடத்துக்குப் புள்ளைங்க போகாம வேற யாருங்க போவாங்க?"

அவருக்குக் கோபமில்லை. என்னைப் போலவே அவரும் ஆடிப்போயிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் மேல சாமி துணைன்னு நீங்கதானேம்மா எழுதுனீங்க? அதுக்கு அடுத்த வரியே சாமி எழுந்ததுன்னு வருது. அந்தச் சாமி வேற, இந்தச் சாமி வேறன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வேறுதான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சாமி என்று கூப்பிட்டவள்தானே விளக்குமாற்றையும் எடுத்தாய் என்று அந்த நேரம் பார்த்து மனசு கேட்டது. போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். பஸ் வந்து, ஆட்கள் இறங்கி, பஸ் போனது.

"புத்தகம் போடற பதிப்பாளர்கிட்ட பேசிட்டு எழுதறேம்மா" என்றார்.

பங்குனி முதல் வாரத்தில் கடிதம் வந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். அதன் பிறகு விஷயம். பதிப்பாளர் இந்த நாவலை எடுத்ததே சாமியைச் சாமி என்று நம்பித்தானாம். தாயும் பிள்ளையும் என்று நிறையக் கதைகள் வந்துவிட்டனவாம். 'பின்னட்டையில் கடவுள் என்ற சொல்லை எடுத்துவிடுகிறோம். நாவலுக்குள் சாமி யார் என்று நீங்கள் எங்கும் விளக்க வேண்டாம். படிக்கிறவர்கள் விருப்பம்போல் எடுத்துக்கொள்ளட்டும். சம்மதம் என்றால் உடனே அச்சுக்குப் போகும். சம்மதம் இல்லையென்றால் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும், அம்மா. எனக்கும் வருத்தம்தான்.'

நான் பொய்யொன்றும் எழுதவில்லையே என்று ஒரு மனசு சொன்னது. இத்தனை எழுதியும் புத்தகத்தைக் கண்ணால் பார்க்காமலேயே போய்விடுவதா என்றும் சொன்னது. ஆனால் என் மகனுக்கு என்று எழுதியதை ஊரெல்லாம் சாமிக்கு என்று படித்தால், நான் கேட்ட மன்னிப்பு யாரிடம் போய்ச் சேரும்? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் 'சம்மதம்' என்று ஓர் இன்லேண்டு கடிதத்தில் எழுதி ஒட்டி, பஞ்சாங்கத்துக்குள் செருகிவைத்தேன். தபாலில் போடக் கை வரவில்லை.

"கடுதாசியப் போடலையா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"போடோணுங்க."

அதற்குள் மாரியம்மன் நோம்பி வந்துவிட்டது. நோம்பிக்கு மகன் வந்தான். நான் மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் பந்தலுக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். மகன் பஞ்சாங்கத்தை எடுக்க அலமாரியைத் திறந்தவன், அதன் அடியில் இருந்த மெய்ப்புத் தாள்களை எடுத்துக்கொண்டு பலாமரத்தடிக்குப் போய்விட்டான். நான் கவனிக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோதும் வரவில்லை. மாடு திரும்புகிற நேரத்துக்குத் தாள்களை மடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏனுங்மா, இது நாந்தானுங்களே?"

உலக்கை என் கையிலேயே நின்றது.

"எப்படிச் சாமி தெரிஞ்சுது?"

"என்னை வேற எப்படிக் கூப்பிட்டிருக்கீங்க நீங்க?"

சென்னையில் படித்தவர்கள் இத்தனை பேர் பார்த்தும் பிடிபடாதது இவனுக்குப் பிடிபட்டுவிட்டது. இத்தனை வருடம் வராத வார்த்தை தானாக வந்தது.

"அன்னைக்கு அடிச்சது தப்பு சாமி."

"அது கெடக்குதுங்க" என்று சிரித்தான். குனிந்து மாவை ஒரு விரலால் தொட்டுவிட்டு, "ஆனா இதுல ஒண்ணு தப்பா எழுதியிருக்கீங்க. படலைத் தொறந்து போட்டது நானில்லீங்க" என்றான்.

"பின்ன?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான்.

"அப்பா பீடி வாங்கப் போனாருங்க. தொறந்தவரு அப்படியே போயிட்டாரு."

மூங்கில் பிளக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது. நான் எழுதியது ஒன்பது நோட்டு. அத்தனையிலும் அந்தப் படலைத் திறந்தது பிள்ளை என்றுதான் எழுதியிருந்தேன். அடித்தது அதிகம் என்றுதான் வருந்தினேனே தவிர, அடித்ததற்குக் காரணமே இல்லை என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. பின்னட்டையைப் படித்த அன்றுகூட எனக்கு இப்படி ஆகவில்லை. உலக்கையை ஊன்றிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே கண்ணு."

"சொன்னா அவரையும் அடிச்சுப் போடுவீங்கன்னு பயந்துட்டேன்."

வீட்டுக்காரர் கொடுவாளைக் கீழே வைத்துவிட்டு வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்.

"நாந்தான் புள்ள" என்றார். "வந்து பாக்கறப்ப நீ அடிச்சு முடிச்சிருந்த. அதுக்கு அப்பறஞ் சொல்லி என்ன ஆகுதுன்னு உட்டுட்டேன்."

"அப்பறம்னா இத்தனை வருசமாங்க?"

"தெனமும் நாளைக்குச் சொல்லிரலாம்னுதான் இருந்தேன்."

என்னை இழுத்து விடாதே என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. தண்ணீர் குடித்த மாட்டுக்கு மறுபடியும் தண்ணீர் காட்டப் போனது ஞாபகம் வந்தது. கோபம் வரும் என்று பார்த்தேன். திகைப்புதான் இருந்தது. ஒரே வீட்டில் மூன்று பேர் ஒரு படலைப் பற்றி இத்தனை வருடம் வேறு வேறாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

நோம்பி முடிந்து மகன் கிளம்பும் காலையில், பஞ்சாங்கத்திலிருந்த இன்லேண்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன். புதிதாக ஒரு தாள் எடுத்தேன். பிள்ளையார் சுழி போட்டேன். 'சாமி துணை' எழுதும் முன் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு எழுதினேன்.

'ஐயா, எனக்குச் சம்மதமில்லை. அச்சை நிறுத்திவிடுங்கள். விளக்குமாற்று அத்தியாயம் தப்பு. படலைத் திறந்து போட்டது சாமி இல்லை, பீடி வாங்கப் போன சாமியின் அப்பா. அவரைக் கதைக்கு வெளியே நிறுத்தியது என் பிழை. இனி முதல் பக்கத்திலிருந்து அவர் வருவார். சாமி பேசுகிற இடங்களை நீங்கள் சொல்லி அடித்தேன். அதையும் திரும்ப எழுதப் போகிறேன். அடுத்த மிளகு காய்வதற்குள் முடித்துவிடுவேன். அப்போது உங்களுக்கு வேண்டியிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. படிக்க வேண்டிய ஆள் படித்தாகிவிட்டது.'

வீட்டுக்காரர் தோளுக்கு மேலே நின்று படித்தார்.

"போடறதுன்னு ஆயிப்போச்சு, அந்தப் பீடிய மட்டும் எடுத்துரு புள்ள."

"எடுக்க மாட்டேனுங்க."

கடிதத்தை இன்னொரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, "முருகனுக்குங்கூட அப்பா இருக்காரு. அந்த ஐயா மறுபடியுங் கொழம்பிக்கப் போறாரு" என்றார்.

"அந்த அப்பா படலைத் தொறந்து போட்டுட்டுப் போக மாட்டாருங்க" என்றேன்.

மகன் சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து கடிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கீழே போய்த் தபாலில் போடுவதாகச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினான்.